தூரத்தை அளக்கும் மடக்குக் காமிரா

வலது கையை முன்னே நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்திப் பிடியுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்திலுள்ள ஏதாவது ஒரு தூணுக்கு நேராக அவ்விரலை நிறுத்துங்கள். வைட்டிலாவில் வசிப்பவர்களுக்குத் தூணுக்குப் பஞ்சமில்லை. மெட்ரோ ரயிலுக்கும் மேம்பாலத்துக்கும் நட்டவை கண்ணுக்கு எட்டிய மட்டும் வரிசையாக நிற்கின்றன. இப்போது விரலை அசைக்காமல் கண்ணை மட்டும் மாற்றுங்கள். விரல் தூணை விட்டு ஒரு பக்கமாகத் தாவிவிடும். விரலை முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும். தள்ளிப் பிடித்தால் சிறிதாகும்.

இத்தாவலைப் பௌதிக நூல்கள் இடமாறு தோற்றம் என்று அழைக்கும். பெயரில் என்ன இருக்கிறது? இதில் அடங்கியுள்ள பயனே பெரிது. இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரம் தெரிந்து, தாவலின் கோணமும் தெரிந்துவிட்டால், விரலைத் தொடாமலே அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு தத்துவத்தை வைத்துக்கொண்டுதான் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னைப் பறங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே நூறு அடிச் சங்கிலியைத் தரையில் நீட்டினார். ஏழரை மைல் நீளமுள்ள அந்த ஒரே கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அதன் பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் ஒரு மலையுச்சியைப் பார்த்துக் கோணங்களை அளந்தால் போதும். மலையின் தூரம் கணக்கில் வந்துவிடும். இமயம் வரை சென்ற இந்தியப் பெரு நில அளவை இப்படி நம் பறங்கிமலை அடிவாரத்தில் தொடங்கிய ஒன்றாகும்.

லாம்டன் ஏழரை மைலில் செய்த வேலையை, ஒரு சாண் நீளங்கூட இல்லாத அடிக்கோட்டில், கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போகும்படி ஜெர்மனியர் செய்து முடித்தார்கள். அந்தக் கருவியைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். அதற்கு மடக்குக் காமிரா என்று பெயர். அதிலும் தூரமானி பொருத்திய மடக்குக் காமிரா.

காமிராவுக்குத் தூரம் எதற்கு என்று கேட்கலாம். கையில் உள்ள தொலைபேசியிலேயே படம் எடுத்துப் பழகிய நமக்கு அக்கேள்வி எழுவது இயல்பு. லென்ஸ் ஒன்று ஒரு பொருளின் உருவத்தை ஒரு குறிப்பிட்ட தளத்தில்தான் கூர்மையாக வீழ்த்தும். பொருள் அருகே வந்தால் உருவம் விழும் தளம் பின்னே போகும். ஆகவே லென்ஸைச் சற்று முன்னே நகர்த்தினால்தான் பிலிமின் மேல் உருவம் தெளியும். எவ்வளவு நகர்த்துவது என்பதற்குத் தூரம் தெரிந்தாக வேண்டும். லென்ஸின் துவாரத்தை மிகவும் சுருக்கிவிட்டால் இந்தக் கவலை குறையும். அருகும் தொலைவும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெளிவாகும். பழைய பெட்டிக் காமிராக்கள் இந்த வழியில்தான் பிழைத்தன. ஆனால் துவாரம் சுருங்கினால் வெளிச்சமும் சுருங்கும். நல்ல வெயிலில் ஆடாமல் அசையாமல் நிற்பவர்களையே அவற்றால் எடுக்க முடிந்தது. வீட்டுத் திண்ணையின் நிழலிலோ மழை நாளிலோ ஒரு முகத்தை எடுக்கத் துவாரத்தை அகலத் திறந்தே தீரவேண்டும்.

திறந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கில் பார்ப்போம். 80 மில்லிமீட்டர் குவிய நீளமுள்ள லென்ஸை 2.8 என்ற எண்ணுக்குத் திறந்து வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் படம் எடுப்பதாகக் கொள்வோம். பிலிமில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குவரை மங்கலைப் பொறுத்துக்கொள்வோம். அப்போது தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறத்தாழ பதினேழு சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு! ஒன்றரை மீட்டருக்கு நெருங்கிவிட்டால் அது பத்து சென்டிமீட்டர்தான். மூக்கு நுனி தெளிந்தால் காது மங்கும். இந்த அளவில், ‘ஆறடி இருக்கும், ஏழடி இருக்கும்’ என்று கண்ணால் மதிப்பிடுவது குருட்டாம்போக்கில் கல்லெறிவது போன்றதே.

இங்கே பிலிமின் அளவைச் சொல்லாவிட்டால் பாதிச் செய்தி விட்டுப் போகும். மேற்சொன்ன காமிராக்கள் 120 என்ற எண்ணுடைய பிலிம் சுருளை ஏற்பவை. கோடக் நிறுவனம் 1901-இல் வெளியிட்ட அளவு அது; அகலம் சுமார் ஆறு சென்டிமீட்டர். ஒரு சுருளில் 6-க்கு 9 அளவானால் எட்டுப் படம், 6-க்கு 6 ஆனால் பன்னிரண்டு, 6-க்கு நாலரை ஆனால் பதினாறு. பிற்காலத்தில் எங்கும் பரவிய 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு படத்தைவிட, ஆறுக்கு ஆறு சதுரம் மூன்றரை மடங்குக்கு மேல் பெரியது. ஆறுக்கு ஒன்பது ஐந்து மடங்குக்கும் மேல். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் வெள்ளை ஓரம் விட்டு, உள்ளங்கையில் அடங்குகிற அளவில் ஒட்டியிருக்கும் படங்களை நினைவு கூருங்கள். அவற்றுள் பல, பெரிதாக்கப்படாதவை. நெகடிவையும் காகிதத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சம் காட்டி எடுத்த நேர்ப்படிகள். படம் எவ்வளவோ நெகடிவும் அவ்வளவு. பெரிதாக்கும் கருவி இல்லாத சிற்றூர் ஸ்டூடியோக்களும் பிழைத்தது இதனால்தான்.

பெரிய நெகடிவ் வேண்டும். லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆனால் பெட்டி பருத்திருக்கவும் கூடாது. இம்மூன்றுக்கும் கண்ட வழியே துருத்தி. கொல்லன் பட்டறையில் காண்கிறோமே, அதே மடிப்புத் தோல்தான். விசையை அழுத்தினால் முன்கதவு இறங்கி, இரும்புக் கைகள் நிமிர்ந்து, லென்ஸ் தானாக முன்னே வந்து நிற்கும். வேலை முடிந்ததும் மடக்கிச் சட்டைப்பையிலோ கோட்டுப்பையிலோ இடலாம். ஆனால் இந்த வசதியே ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. தூரத்தைப் பார்க்கும் கண்ணாடிகள் காமிராவின் உடலில் இருக்கின்றன. லென்ஸோ, தோல் துருத்தியின் மறுமுனையில், மடங்கும் கைகளின் மேல் நிற்கிறது. இரண்டையும் எப்படி இணைப்பது?

இணைக்காமல் விட்டவர்களும் உண்டு. தூரமானியைத் தனியே திருகித் தூரத்தைப் படித்து, அந்த எண்ணை லென்ஸ் வளையத்தில் நாமே திருப்பி வைக்கவேண்டும். 1950-களில் வந்த ஆக்பா ஐசொலெட் மூன்றாம் மாதிரி இவ்வகையைச் சேர்ந்தது. மலையைப் படம் எடுப்பவருக்கு இது போதும். குழந்தையைப் படம் எடுப்பவர் எண்ணைப் படித்து வளையத்தைத் திருப்புவதற்குள் குழந்தை அடுப்பங்கரைக்குப் போய்விடும்.

இணைப்பதில் முந்திக்கொண்டது அமெரிக்காதான். 1916-இல் கோடக் நிறுவனத்தின் மூன்று-ஏ ஆட்டோகிராபிக் ஸ்பெஷல் என்ற மடக்குக் காமிரா, லென்ஸுடன் இணைந்த தூரமானியோடு வந்தது. ஆயினும் அது அஞ்சலட்டை அளவுப் படம் எடுக்கும் பருத்த கருவி. சிறிய லைகா காமிரா 1932-இல் இணைந்த தூரமானியைப் பெற்றது; அதில் துருத்தி கிடையாது, ஆகவே சிக்கலும் குறைவு. மடக்குக் காமிராவுக்கு நேர்த்தியான விடையைக் கண்டது, எர்னமன், இக்கா, கெர்ட்ஸ், கான்டெஸ்ஸா-நெட்டல் என்ற நான்கு நிறுவனங்கள் 1926-இல் சேர்ந்து உருவான ஜைஸ் ஐக்கான். 1934-இல் அது வெளியிட்ட சூப்பர் ஐக்கோண்டா என்னும் காமிராவில் அந்த விடை இருக்கிறது. பௌதிகம் பயில்பவர்கள் இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

காமிராவின் உடலில், சிறிது இடைவெளி விட்டு, இரண்டு சாளரங்கள். ஒன்றன் வழியாக நேரே பார்க்கிறோம். மற்றதன் வழியாக வரும் ஒளியை உள்ளேயுள்ள கண்ணாடிகள் திருப்பி, முதல் காட்சியின் மேலேயே போடுகின்றன. எனவே எதிரே நிற்கும் மனிதர் நடுவட்டத்தில் இரண்டாகத் தெரிவார். முதலில் கூறிய விரலின் தாவலேதான் இது; இரண்டு கண்ணுக்குப் பதில் இரண்டு சாளரம். இரண்டாம் உருவத்தைத் தேவையான அளவு திருப்பி முதல் உருவத்தின்மேல் பொருத்திவிட்டால், திருப்பிய கோணமே தூரத்தின் அளவாகும். ஏனைய கருவிகளில் இதற்காக உள்ளேயிருக்கும் ஒரு கண்ணாடியைச் சாய்ப்பார்கள். ஜைஸ் பொறியாளர்கள் உடலுக்குள் எதையும் அசைக்கவில்லை. லென்ஸைத் தாங்கும் பலகையிலிருந்து ஒரு சிறு கையை நீட்டி, அதில் இரண்டு வட்டக் கண்ணாடிகளைப் பதித்து, இரண்டாவது சாளரத்தின் முன்னே நிறுத்திவிட்டார்கள்.

பார்ப்பதற்கு அவை மூக்குக்கண்ணாடித் துண்டுகள் போல வெறுந்தட்டாகத்தான் இருக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய முப்பட்டகம்; ஒரு பக்கம் இம்மியளவு தடித்து, எதிர்ப்பக்கம் மெலிந்த ஆப்பு. ஆப்பின் வழியே செல்லும் ஒளி தடித்த பக்கமாகச் சற்று வளையும். இரண்டு ஆப்புகளின் தடித்த பக்கங்களும் ஒரே திசையில் இருந்தால் வளைவுகள் கூடும். ஒன்றின் தடித்த பக்கம் மற்றதன் மெலிந்த பக்கத்தோடு சேர்ந்தால் வளைவுகள் கழிந்து பூச்சியமாகும். லென்ஸ் வளையத்தைத் திருப்பும்போது பற்சக்கரங்கள் இவ்விரண்டையும் எதிரெதிராகச் சம அளவில் சுழற்றுகின்றன. ஏன் எதிரெதிராக? ஒன்றைத் தனியே சுழற்றினால் உருவம் மேலும் கீழுமாக வட்டமிடும். எதிரெதிராகச் சுழற்றினால் மேல்நோக்கிய வளைவும் கீழ்நோக்கிய வளைவும் ஒன்றையொன்று தின்றுவிட, பக்கவாட்டு வளைவு மட்டும் மிஞ்சும். உருவம் கோடு கிழித்தாற்போலக் கிடையாக நகரும். நமக்கு வேண்டியதும் அதுவே.

எவ்வளவு வளைக்கவேண்டும் என்று பாருங்கள். சாளரங்களின் இடைவெளி ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மீட்டர் தூரத்துக்குக் கோணம் 1.9 பாகை, மூன்று மீட்டருக்கு அதில் பாதி, பத்து மீட்டருக்கு 0.29 பாகை, கண்ணுக்கெட்டாத தொலைவுக்குப் பூச்சியம். சாதாரணக் கண்ணாடியில் செய்த ஆப்பு, தன் கோணத்தில் ஏறத்தாழ பாதியளவு ஒளியை வளைக்கும் என்பதால், ஒவ்வோர் ஆப்பும் இரண்டு பாகைக்கு மேல் சாயவேண்டிய தேவையில்லை. அதனால்தான் தட்டையாகத் தெரிகின்றன.

இதில் நான் பெரிதும் வியப்பது வேறொன்று. துருத்தியின் முனையில் மடங்கி நிமிரும் ஒரு கை ஒவ்வொரு முறையும் அணுப் பிசகாமல் ஒரே இடத்தில் நிற்குமா? நிற்காது. சிறிது ஆடும், சிறிது சாயும். அந்தக் கையில் சமதளக் கண்ணாடி ஒன்றைப் பதித்திருந்தால், அது ஒரு பாகை சாய்ந்தால் ஒளி இரண்டு பாகை விலகும். அளவு முழுவதும் பாழ். மெல்லிய முப்பட்டகம் அப்படியன்று. அதைச் சிறிது சாய்த்தாலும் அது ஒளியை வளைக்கும் கோணம் ஏறக்குறைய மாறுவதேயில்லை. பட்டப் படிப்புச் சோதனைச் சாலையில் சிறும விலகல் கோணத்தை அளந்தபோது, முப்பட்டகத்தைத் திருப்பத் திருப்ப ஓரிடத்தில் உருவம் நகராமல் தயங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தயக்கத்தின் உறவுதான் இது. ஆட்டங்காணும் இடத்தில் ஆட்டத்தைப் பொருட்படுத்தாத உறுப்பை வைத்தார்கள். காமிராவின் உடலுக்கும் லென்ஸுக்கும் இடையே கம்பி இல்லை, நெம்புகோல் இல்லை; தூரச் செய்தியை ஓர் ஒளிக்கதிர் காற்றின் வழியே கடத்துகிறது.

ஐந்து சென்டிமீட்டர் அடிக்கோடு போதுமா என்ற ஐயம் எழலாம். நம் கண் பிரித்தறியும் கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. அதைக் கொண்டு கணக்கிட்டால் இரண்டு மீட்டரில் தூரமானியின் பிழை சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அங்கே லென்ஸ் பொறுத்துக்கொள்ளும் ஆழம் பதினேழு என்று முன்பே கண்டோம். பத்து மீட்டரில் பிழை அரை மீட்டருக்கு மேல் போகிறது; அது பெரிய பிழைதான். ஆனால் அங்கே லென்ஸின் தெளிவு எட்டு மீட்டர் முதல் பன்னிரண்டு மீட்டருக்கு அப்பால் வரை பரந்து கிடக்கிறது. பிழையும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. பொறுமையும் ஏறத்தாழ அதே வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. அருகில் போதுமான தூரமானி எங்கும் போதும். சட்டைப்பைக் காமிராவில் இக்கலை சாத்தியமானதற்கு இயற்கை தந்த சலுகை இது.

சூப்பர் ஐக்கோண்டாவுக்குக் குறையில்லாமல் இல்லை. அதில் லென்ஸ் முழுவதும் நகர்வதில்லை. முன் கண்ணாடி மட்டுமே திருகில் நகர்கிறது. டெஸ்ஸர் என்ற அந்த நான்கு கண்ணாடி லென்ஸ், அதன் உறுப்புகள் ஒன்றுக்கொன்று விதித்த இடைவெளியில் நிற்கும்போதுதான் முழுச் சிறப்போடு இருக்கும். மிக அருகில் எடுக்கும்போது சிறிது கூர்மையைப் பறிகொடுக்கிறோம். 1756-இல் வியன்னாவில் தோன்றிய பழம்பெரும் போக்ட்லாண்டர் நிறுவனம் இதை ஏற்கவில்லை. அதன் பெஸ்ஸா காமிரா 1936-இலும், அதன் தம்பி பெஸ்ஸா இரண்டு 1950-இலும் வந்தன. அவற்றில் லென்ஸ் பலகையே மொத்தமாக நகரும். ஆக்பாவின் சூப்பர் ஐசொலெட் 1954-இல் அதே கொள்கையோடு வந்தது. இவற்றில் இணைப்பு இரும்பால் ஆனது. நுட்பமான வேலை, ஆனால் தேய்மானம் உண்டு. ஜப்பானியர் 1940-இல் மாமியா சிக்ஸ் என்ற காமிராவில் எல்லாரையும் திகைக்க வைத்தார்கள்: லென்ஸை அப்படியே விட்டுவிட்டுப் பிலிமை முன்னும் பின்னும் நகர்த்தினார்கள்! மலை முகமதுவிடம் வராவிட்டால் என்ற கதைதான்.

1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. ஜெர்மனி இரண்டானபோது ஜைஸ் ஐக்கானும் இரண்டாயிற்று. மேற்கே ஸ்டுட்கார்ட்டில் சூப்பர் ஐக்கோண்டா தொடர்ந்தது. ரஷ்யாவிலோ மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை, அதே சுழலும் ஆப்புகளோடு மாஸ்க்வா என்ற பெயரில் 1947 முதல் 1960 வரை மடக்குக் காமிராக்களைச் செய்து குவித்தது. பிறகு 35 மில்லிமீட்டர் காமிராக்கள் சந்தையை நிரப்பின. 1972-இல் ஜைஸ் ஐக்கான் காமிரா செய்வதையே நிறுத்திக்கொண்டது. 2009-இல் ஜப்பானில் ஒரு புதிய மடக்குத் தூரமானிக் காமிரா வந்து, சில ஆண்டுகளில் அதுவும் நின்றுபோனது.

நம் நாட்டில் இவை எல்லார் கையிலும் புழங்கியவை அல்ல. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. பரோடாவில் செய்த ஆக்பா கிளிக் மூன்று போன்ற எளிய காமிராதான் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கிடைத்தது. அதில் தூரத்தை அளக்கும் பேச்சே இல்லை. உதகமண்டலத்தில் 1960-இல் பதிவான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்தது. சந்திரனுக்கும் அது பெயர். தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டாலும் இந்து நகர் என்ற ஊர்ப்பெயர் அங்கே நிலைத்துவிட்டது. நல்ல கருவி வேண்டியவர்கள் கிடைத்ததை ஒட்டுப் போட்டார்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் காட்டுயிர் அறிஞருமான மா. கிருஷ்ணன், ஒன்றின் உடலையும் மற்றொன்றின் லென்ஸையும் தாமே இணைத்துக் கட்டிய காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று விளையாட்டாகப் பெயரிட்டு, அதைக்கொண்டே யானைகளைப் படம் எடுத்தார். எனவே ஒரு வீட்டில் ஜெர்மன் மடக்குக் காமிரா இருந்தது என்றால், சிங்கப்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ யாரோ ஒரு மாமா கொண்டுவந்தார் என்று பெரும்பாலும் கதை தொடரும்.

அந்த மாமாக்களின் காமிராக்கள் இப்போது எங்கே? சில, வைட்டிலாவிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில், மட்டாஞ்சேரி யூதர் தெருவின் பழம்பொருள் கடைகளில் இருக்கின்றன. பித்தளைக் குத்துவிளக்குக்கும் கப்பல் கடிகாரத்துக்கும் நடுவே துருத்தியை விரித்துக்கொண்டு நிற்கும். ஒரு கடையில் எடுத்துப் பார்த்தேன். “அது வேலை செய்யாது மோனே, ஷோகேஸில் வைத்தால் அழகாயிருக்கும்” என்றார் கடைக்காரர். மேசையின் ஓரமாக நின்று வளையத்தைத் திருப்பினேன். தெருக்கோடியில் நின்ற மின்கம்பம் வட்டத்துக்குள் இரண்டாகப் பிரிந்து, மெல்ல நெருங்கி, ஒன்றாயிற்று. அவரையும் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, விலையை உயர்த்திவிட்டார்!

விலைக்கு வாங்கவோ, வீட்டுப் பரணிலிருந்து இறக்கவோ நேர்ந்தால் பார்க்கவேண்டியவை சில. இருட்டறையில் துருத்திக்குள் சிறு விளக்கை விட்டு வெளியேயிருந்து பாருங்கள். மடிப்பு மூலைகளில் நட்சத்திரம்போல் ஒளி கசிந்தால் துருத்தி ஓட்டை. கறுப்புத் துணி நாடாவும் பசையும் கொண்டு தற்காலிகமாக அடைக்கலாம். ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்து இயக்குங்கள். பாதியில் நின்றுவிட்டால் எண்ணெய் இறுகியிருக்கிறது, சுத்தம் செய்தால் சரியாகும். எண்ணெய் விடாதீர்கள், அது இதழ்களுக்குள் பரவிக் காரியத்தைக் கெடுக்கும். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சணம். கொச்சியின் இடவப்பாதி மழையில் தோல் செருப்பே பூத்துவிடுகிறது. மூடிய தோலுறைக்குள் இருக்கும் லென்ஸ் தப்புமா? உறையைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது நல்லது. சூப்பர் ஐக்கோண்டா வகையில் லென்ஸின் முன் கண்ணாடியைக் கழற்றும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். பற்சக்கரங்களின் ஒழுங்கு குலைந்தால் ஆப்புகளும் லென்ஸும் ஆளுக்கொரு தூரம் சொல்லும்.

தூரமானியைச் சோதிக்க வைட்டிலாவைப் போன்ற இடம் கிடைக்காது. செங்குத்தான கோடுகள்தான் இதற்கு வேண்டும். மெட்ரோ நிலைய மேடையிலிருந்து மிகத் தொலைவில் தெரியும் கட்டடத்தின் விளிம்பைப் பாருங்கள்; வளையம் முடிவிலாத் தொலைவில் இருக்கும்போது இரண்டு உருவங்களும் ஒன்றவேண்டும். பிறகு தூணிலிருந்து நாடாவால் மூன்று மீட்டர் அளந்து நின்று பாருங்கள். வளையம் மூன்று என்று காட்டினால் தூரமானி சரி. லென்ஸும் அதற்கு உடன்படுகிறதா என்றறிய, பிலிம் இருக்கும் இடத்தில் எண்ணெய்த்தாளை விறைப்பாக ஒட்டி, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, தாளில் விழும் தலைகீழ் உருவத்தைப் பூதக்கண்ணாடியால் பார்க்கலாம். படம் எடுக்கும்போது காமிராவை மெதுவாகத் திறக்கவேண்டும். சட்டென்று விரித்தால் துருத்தி காற்றை இழுக்க, பிலிமும் முன்னே உப்பிவிடும். திறந்த பிறகு பிலிமைச் சுற்றினால் அது இழுபட்டுத் தட்டையாக நிற்கும். 120 பிலிமை இன்றும் இங்கிலாந்தில் இல்போர்டும் அமெரிக்காவில் கோடக்கும் செக் நாட்டில் போமாவும் செய்கின்றன. விலை மாணவர் கைக்கு அதிகம்தான். நான்கு பேர் சேர்ந்து ஒரு சுருள் வாங்கினால் ஆளுக்கு மூன்று படம். அந்த மூன்றை எடுப்பதற்குள் மூன்று நாள் யோசிப்பீர்கள்.

காமிரா இல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். என் தந்தை தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகக் கொச்சி வந்தபோது, தகரப் பெட்டியில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றும் வந்தது. அதில் ஆறுக்கு ஒன்பது நெகடிவ்கள் பதினொன்று. என் பாட்டிக்கு உயிரோடிருந்த காலத்தில் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான். ஆல்பத்தில் அவர் முகம் சுண்டுவிரல் நகத்தளவு. அதன் நெகடிவ் டப்பாவில் இருந்தது. வெள்ளைத் திரையின் மேல் அதை வைத்துப் படம் பிடித்து, கறுப்பை வெளுப்பாக்கிப் பெரிதாக்கினேன். முகம் உள்ளங்கையளவு வளர்ந்தும் உடையவில்லை. நெற்றியில் அம்மைத் தழும்பு. காதில் பாம்படம். திண்ணை நிழலில், துவாரத்தை அகலத் திறந்து எடுத்த படம். பின்னால் இருக்கும் நெல்குதிர் கரைந்து கிடக்கிறது, முன்னால் திண்ணை விளிம்பும் மங்கல்தான். கண்கள் மட்டும் ஊசி முனைபோல் கூர்மை. எடுத்தவர் அங்கே தூரத்தை மதிப்பிடவில்லை, அளந்திருக்கிறார். பாட்டியைப் பார்த்தே இராத எனக்கு அவர் கண் எங்கே நோக்கியது என்பதுவரை தெரிகிறது.

வீட்டைக் காலி செய்யும்போதும் பெரியவர்கள் மறையும்போதும் முதலில் குப்பைக்குப் போவது இந்த டப்பாக்கள்தான். படம் ஆல்பத்தில் இருக்கிறதே, நெகடிவ் எதற்கு என்று எறிந்துவிடுகிறார்கள். இந்த விடுமுறைக்கு வைட்டிலா ஹப்பில் ஊர்ப் பஸ் ஏறும் நண்பர்கள், போனதும் பரணைப் பாருங்கள். நெகடிவ் கிடைத்தால் ஓரங்களை மட்டும் பிடித்து எடுக்கவும். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்கவேண்டாம். தனியே வைத்து, தெரிந்தவரிடம் காட்டவும். பளபளப்பான பக்கத்திலுள்ள தூசியை மெல்லிய தூரிகையால் நீக்கலாம். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது, அதைத் தொடவேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போடாமல் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, உறையின் மேல் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த ஆள் வீட்டில் இருக்கும்போதே எழுதுங்கள்.